இருபதாம் கோடு

சர்க்கரை நோய் உள்ள ஒருவரை விமானத்தில் வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரைப் போய்ப் பார்ப்பது. இது எனக்குத் தெரியும். அம்மாவும் சொன்னாள். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரும் சொன்னார். தஞ்சாவூரில் எங்கள் டாக்டரின் கிளினிக்கில் சாயங்காலம் டோக்கன் போட்டால் முறை வர இரவு ஒன்பது ஆகிவிடும். நான் போகவில்லை.

நேரமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். நல்ல சூட்கேஸ் வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்க எனக்கு நேரம் இருந்தது. உண்மையான காரணம் கர்வம். சர்க்கரையால் அம்மாவின் விழித்திரை பாதிக்கப்பட்டு, சிரிஞ்சில் உள்ள கோடுகள் அவள் கண்ணுக்குத் தெரியாமல் போன நாளிலிருந்து அவளுக்கு இன்சுலின் போடுவது நான்தான். காலையும் இரவும் என் கைதான். தினம் ஊசி போடுகிற எனக்கு டாக்டர் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் சொல்லியிருக்கக்கூடியதை இப்போது நான் அறிவேன். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் அளவும் எழுதிய கடிதம் ஒன்று தந்திருப்பார். இன்சுலினைக் கைப்பையை விட்டு வேறெங்கும் வைக்காதே என்றிருப்பார். மேற்கே போகும்போது பொழுது நீளும், எந்த மணிக்கு எவ்வளவு போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருப்பார். அங்கே மருந்து வாங்க நேர்ந்தால் சிரிஞ்சையும் சேர்த்து வாங்கு என்று நிச்சயம் சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தை என் காதில் விழுந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

என் தங்கை நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். பிரசவம் பார்க்க அம்மா புறப்பட்டாள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வர நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன்.

இன்சுலின் பாட்டில்கள், சிரிஞ்சுகள், சுகர் பார்க்கும் மெஷின் எல்லாவற்றையும் ஒரு தெர்மோகோல் பெட்டியில் வைத்தேன். ஃப்ரீசரில் இரவு முழுக்க வைத்துக் கல்லாக இறுகிப்போன ஜெல் பைகளைப் பாட்டில்களின் இரண்டு பக்கமும் அணைத்து வைத்தேன். பெட்டியைச் சூட்கேஸில் போட்டுப் பூட்டப் போகும்போது அம்மா சொன்னாள்: "இத என் கைப்பையிலயே வெச்சுக்கறேனே தம்பி."

"செக்கிங்ல ஊசியெல்லாம் வெளிய எடுத்துக் காட்டச் சொல்லுவாங்க. அத்தனை பேர் முன்னாடி அசிங்கம்" என்றேன்.

அவள் அப்புறம் பேசவில்லை. அம்மாவுக்குத் தன் நோயைப் பற்றி வெட்கமே கிடையாது. கல்யாண வீடுகளில் பந்திக்குப் போகுமுன் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "வா, போட்டுவிடு" என்று வயிற்றுப் பக்கம் சேலையை விலக்குவாள். அசிங்கமாக இருந்தது எனக்கு. என் அம்மாவின் கைப்பையிலிருந்து ஊசிகளை எடுத்து ஒருவர் மேசைமேல் பரப்புவதை, பின்னால் நிற்கிறவர்கள் பார்ப்பார்களே என்று எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு அவள் மருந்தைப் பறிகொடுத்தேன். நோயாளிக்கு வேண்டிய மருந்தையும் ஊசியையும் மருந்துச் சீட்டோடு கையில் கொண்டுபோக விமான நிலையங்களில் அனுமதி உண்டு. திரவத்துக்குப் பெரும்பாலும் விதிக்கும் வரம்பு 100 மில்லி. இன்சுலின் பாட்டில் 10 மில்லி. இதையெல்லாம் நான் யாரையும் கேட்கவில்லை.

அந்த ஜெல் பைகளும் தேவையே இருக்கவில்லை. திறக்காத இன்சுலின் பாட்டில், வெயில் படாமல் வைத்தால் சாதாரண அறை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். ஒரு நாள் பயணத்துக்கு ஒரு துணிப்பை போதும். சூடு கெடுக்கும் என்று பயந்த நான், உறைந்தால் அது அடியோடு கெட்டுவிடும் என்பதை அறியவில்லை. உறைந்த இன்சுலின் உருகினாலும் பழைய நிலைக்கு வராது. மருந்து அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் உறையவிடாதீர்கள் என்று அச்சடித்தே இருக்கிறது. அத்தனை காலமாக அந்தத் தாளை நான் பிரித்துப் பார்த்ததில்லை.

சென்னையில் அம்மாவுக்கு இரவு எட்டு மணிக்கு ஊசி போட்டேன். விமானம் விடியற்காலையில். அடுத்த நாள் காலை ஊசியை மட்டும் விட்டுவிட்டு, நியூ ஜெர்சி போய் இரவு எட்டு மணிக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு ஊசி தவறினால் ஒன்றும் ஆகாது என்று அவளிடம் சொன்னேன். கடிகாரத்தின்படி எட்டிலிருந்து எட்டு, ஒரு நாள். ஆனால் கோடைக்காலத்தில் அந்த ஊர் நேரம் நம் நேரத்துக்கு ஒன்பதரை மணி பின்னால் இருக்கிறது. அம்மாவின் உடம்புக்கு அது முப்பத்து மூன்றரை மணி நேரம். நாள் ஒன்றுக்கு இரண்டு வேளை இன்சுலின் போட்டு வாழ்கிற உடம்பு அது.

வளைகுடாவில் விமானம் மாறிய பிறகு அவளுக்குத் தாகம் எடுத்தது. அடிக்கடி எழுந்து கழிவறைக்குப் போனாள். ஓரத்து இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன், நடு இருக்கையில் அவள். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து வழிவிட வேண்டும். ஒருமுறை, "கொஞ்சம் அடக்கிக்கக் கூடாதாம்மா" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். எனக்குத் தூக்கம் கெடக்கூடாது என்று. சர்க்கரை ஏறிக்கொண்டிருந்த ஒருத்தி, தண்ணீர் தவிர வேறு துணை இல்லாத ஒருத்தி, என் தூக்கத்துக்காக வாயைக் கட்டிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தாள். இறங்கி வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது மெஷின் 412 காட்டியது.

அதே பெட்டியிலிருந்து பாட்டில்களை எடுத்தேன். அம்மா போட்டுக்கொள்வது முப்பது-எழுபது கலவை இன்சுலின். உள்ளங்கையில் வைத்து உருட்டினால் ஒரே சீராக வெள்ளையாகும். அன்று திரிந்த பால் போலத் துணுக்குகளாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாப் பாட்டில்களும் அப்படியே. அதைப் போடக்கூடாது என்ற அளவுக்கு எனக்கு அறிவிருந்தது.

மாப்பிள்ளை தனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரைக் கூப்பிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். இந்த மாதிரி பழைய வகை இன்சுலின் அமெரிக்காவில் பல மாநிலங்களில் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அது உண்மைதான். மாப்பிள்ளை காரில் என்னை மருந்துக்கடைக்கு அழைத்துப் போனார். நம் ஊரில் 30/70 என்று எழுதுவதை அங்கே 70/30 என்று திருப்பி எழுதுகிறார்கள். மருந்து ஒன்றுதான். அதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. மாப்பிள்ளைக்கு விளக்கிக்கூடச் சொன்னேன். அதே அட்டையில் யூ-100 என்றும் போட்டிருந்தது.

அதைப் பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். பார்த்தேன். படித்தேன். அது என்ன நூறு என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

கடைக்காரர் மருந்தைக் கொடுக்கும்போது, "சிரிஞ்ச் வேண்டுமா?" என்று கேட்டார். எங்களிடம் நிறைய இருக்கிறது என்றேன். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். பதில் சொன்னவன் நான்.

நம் நாட்டுக் கடைகளில் விற்கும் இன்சுலின் பாட்டில்கள் பெரும்பாலும் நாற்பது வகை. ஒரு மில்லியில் 40 யூனிட் மருந்து. அதற்கென்று கோடு போட்ட சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. அமெரிக்காவில் கடைப் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடிச் சிரிஞ்சில் இருபதாம் கோடு என்பது அரை மில்லி. நம் ஊர்ப் பாட்டிலில் அரை மில்லி இழுத்தால் 20 யூனிட். அந்த ஊர்ப் பாட்டிலில் அதே அரை மில்லி 50 யூனிட்.

அம்மாவின் இரவு அளவு 20.

இரவு எட்டு மணி. தங்கை வீட்டுச் சமையலறை. நல்ல வெளிச்சம். அவசரம் எதுவும் இல்லை. பாட்டிலை உருட்டினேன். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். காற்றை ஏற்றி, மருந்தை இழுத்து, குமிழி போகத் தட்டினேன். இருபதாம் கோட்டில் மிகச் சரியாக நிறுத்தினேன். அம்மா அப்போது கேட்டாள்: "எல்லா ஊர் மருந்தும் ஒண்ணுதானா தம்பி? நம்ம டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடேன்."

"அங்க இப்ப விடிகாலை அஞ்சரை. தூங்கிக்கிட்டிருப்பாரு."

"அவரு அஞ்சு மணிக்கே வாக்கிங் போயிடுவாரே."

"எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று சொல்லி ஊசியை ஏற்றினேன்.

நான் தடுமாறிய இடம் எது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தடுமாறவே இல்லை. அதுதான் பயங்கரம். கண் தெரியாத ஒருத்தி சந்தேகப்பட்டுக் கேட்டாள். கண் தெரிந்தவன் அவளை அடக்கினேன்.

அவள் இரண்டு இட்லியும் கொஞ்சம் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். அவள் எப்போதும் சாப்பிடும் அளவுதான். நடுராத்திரிக்கு மேல் பாத்ரூம் போக எழுந்த தங்கை அம்மா முனகுவதைக் கேட்டிருக்கிறாள். அவள் போட்ட கூச்சலில்தான் நான் எழுந்தேன். அம்மா கட்டிலுக்குக் கீழே கிடந்தாள். சேலை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. எட்டு மாத வயிற்றோடு தங்கை தரையில் உட்கார்ந்து அம்மாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்திருந்தாள்.

நான் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து அம்மா வாயில் ஊற்றினேன். அவளுக்குப் புரையேறி மூச்சுத் திணறியது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். மாப்பிள்ளை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தபோது எதிர்முனையில் இருந்த பெண்தான் நிறுத்தச் சொன்னாள். இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே குளுக்ககான் என்ற மருந்து இருக்கிறது. ஊசியாகவும் மூக்கில் அடிக்கும் பொடியாகவும் கிடைக்கும். அதன் பெயரையே நான் அப்புறம்தான் கேள்விப்பட்டேன். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சுகர் பார்த்தார்கள். 31. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு. கையில் நரம்பு தேடிக் குளுக்கோஸ் ஏற்றிய பிறகு கண் திறந்தாள்.

ஆஸ்பத்திரியில் எவ்வளவு இன்சுலின் போட்டீர்கள் என்று கேட்டார்கள். 20 யூனிட் என்றேன். அந்த நேரத்தில் நான் நம்பியது அதைத்தான். ஏற்றிய சர்க்கரை இரண்டொரு மணி நேரத்தில் மறுபடி இறங்கியது. இருபது யூனிட்டுக்கு இவ்வளவு ஏன் இறங்குகிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. சிறுநீரகம் கெட்டிருக்குமோ, கிருமித் தொற்றோ, மூளையில் ஏதாவதோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். தலையை ஸ்கேன் செய்தார்கள். அம்மாவைத் தூக்கி உட்கார வைத்த அலைச்சலில் தங்கைக்கு வயிறு இறுகி வலி வந்துவிட்டது. அதே ஆஸ்பத்திரியில் வேறு மாடியில் அவளைச் சேர்த்துக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை இரண்டு மாடிக்கும் நடுவே அலைந்தார்.

காலையில் அம்மாவின் சால்வையை எடுக்க வீட்டுக்குப் போனேன். சமையலறை மேடையில் சிவப்பு மூடி கிடந்தது. பக்கத்தில் அந்த அட்டைப்பெட்டி. யூ-100. அப்போதுதான் கேட்டுக்கொண்டேன், என்ன நூறு என்று. செல்போனில் தேடி விடை கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்த நிமிஷம் நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. காபி போட்டுக் குடித்தேன். மீதி இருந்த சிவப்பு மூடிச் சிரிஞ்சுகளை ஒரு பையில் போட்டுக் கட்டி, வெளியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். சாட்சியை அழித்தேன் என்பதுதான் அதற்குச் சரியான வார்த்தை. திரும்பிப் போனபிறகும் உடனே சொல்லவில்லை. அந்தக் கலவை மருந்தில் பெரும்பகுதி மெதுவாக, பல மணி நேரம் வேலை செய்கிற வகை. அம்மாவின் சுகர் இன்னொரு முறை இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், பயம் தாங்காமல், டாக்டரை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. எழுதிக்கொண்டார். மற்றப் பரிசோதனைகளை நிறுத்தச் சொன்னார். இது மறுபடி நடக்காமல் இருக்க உங்கள் அம்மாவுக்கு இதைத் தெளிவாக விளக்க வேண்டும் என்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. போன் வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்கிறேன் என்றார். வேண்டாம், நான் இருக்கிறேனே என்றேன்.

அவர் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். பாட்டில் வேறு, சிரிஞ்ச் வேறு, அளவு கூடிப்போனது, உங்கள்மேல் தவறில்லை என்றார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ராத்திரி நீ சரியா சாப்பிடலையாம். அதனாலதான் சுகர் இறங்கிடுச்சாம்" என்றேன்.

ஊசி போட்டது கவனக்குறைவு. இது கவனத்தோடு செய்தது.

தங்கையிடமும் மாப்பிள்ளையிடமும் இதையே சொன்னேன். தங்கைக்கு வலி நின்றது. பிற்பாடு குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதை வைத்து என் குற்றம் குறைகிறது என்று நான் வாதாடவில்லை. வெளிநாடு போகிறவர்களுக்கு எடுக்கும் இன்ஷூரன்ஸில் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் இல்லை என்று எழுதியிருந்தது. அதையும் நான் படித்துப் பார்த்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கணக்கை மாப்பிள்ளை தவணை முறையில் கட்டினார்.

ஆனால் பெரிய விலை கொடுத்தது அம்மா. அவள் எதற்காக அவ்வளவு தூரம் போனாளோ, அது அவளுக்குக் கிடைக்கவில்லை. பேத்தியை நின்றுகொண்டு தூக்கத் தங்கை விடவில்லை. "திடீர்னு மயக்கம் வந்துட்டா என்னம்மா பண்றது" என்பாள். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போதும் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அம்மா தன் கையால் பத்துப் பதினைந்து பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள். மணிக்கொரு தரம் அவள் சாப்பிட்டாளா என்று விசாரணை நடந்தது. அவளும் பயந்துபோய்ப் பசி இல்லாவிட்டாலும் சாப்பிட்டாள். போனில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் இந்தப் பக்கம் சும்மா இருந்தேன். "சொன்னபடி சாப்பிடும்மா" என்று அறிவுரைகூடச் சொன்னேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பக்கத்து வீட்டு அம்மாளிடம் அவள் பேசிக்கொண்டிருந்தது ஒருநாள் என் காதில் விழுந்தது. "நான் ஒழுங்கா சாப்பிடாம எல்லாருக்கும் கஷ்டம் குடுத்துட்டேன். புள்ளத்தாச்சியை வேற அலைய விட்டுட்டேன்" என்றாள். அவள் அதை நம்பினாள். என் பொய்யை அவள் தன் குணமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டாள். அன்றும் நான் வாய் திறக்கவில்லை. தங்கைக்கு இரண்டாவது பிரசவம் வந்தபோது அம்மாவை அழைக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சூட்கேஸைத் துடைத்துப் பரணில் ஏற்றச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் என்னால் முடியாமல் போனது.

அவளிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது, நூறு, சிவப்பு மூடி, குப்பைத் தொட்டி, டாக்டர் உண்மையில் சொன்னது, எல்லாம். அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நான் சாப்பிட்டது சரியாத்தான் இருந்துச்சா?"

சரியாகத்தான் இருந்தது என்றேன்.

தங்கைக்குப் போன் செய்தேன். "ஆஸ்பத்திரியில இருக்கும்போதே உனக்குத் தெரியுமாண்ணா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் சொன்னது. அவர்களில் எத்தனையோ பேர் பேரப்பிள்ளைகளைப் பார்க்க விமானம் ஏறுகிறார்கள். அவர்களுக்குப் பெட்டி கட்டுகிறவர்களே, உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மருந்தும் மெஷினும் அவர்கள் கையில் இருக்கட்டும். பயணத்துக்கு வேண்டியதைப்போல இரண்டு மடங்கு எடுத்து இரண்டு கைப்பைகளில் பிரித்து வையுங்கள். தாழ்வு வந்தால் வாயில் போட குளுக்கோஸோ மிட்டாயோ அவர்கள் பையிலேயே இருக்கட்டும். மேற்கே போனால் பொழுது நீளும், கிழக்கே போனால் சுருங்கும். அதற்கு ஏற்ற அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர், நீங்கள் அல்ல. சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகு ஊசி போடுங்கள். ஓரத்து இருக்கையை அவர்களுக்குக் கொடுங்கள். வெளிநாட்டில் பாட்டில் வாங்கினால் சிரிஞ்சையும் அங்கேயே வாங்குங்கள். பாட்டிலில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சந்தேகம் கேட்டால் போனை எடுங்கள்.

எங்கள் உறவினர்களில் இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா சாப்பாட்டு விஷயத்தில் பிடிவாதக்காரி, அதனால்தான் அமெரிக்காவில் அப்படி ஆனது என்று நம் வீட்டு விசேஷங்களில் பேசியிருக்கிறீர்கள். பேச்சு என்னிடமிருந்து கிளம்பியது. அன்று இரவு அவள் இரண்டு இட்லியும் தயிர்சாதமும் நேரத்துக்குச் சாப்பிட்டாள். மருந்தை இரண்டரை மடங்கு ஏற்றியவன் நான். மறைத்தவனும் நான்.